கூடையில் போன துல்லியோ

"சாமி, இந்த ஆளு நடந்தே போகலே! சாமான் கூடையில உக்காந்து மலைக்குப் போனான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

பிளீனியோ போட்ட சத்தத்தில், கோயில் மண்டபத்தின் பின்கட்டில் போலெந்தா என்ற சோளமாவுக் களி கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்கள். திருவிழா அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு சண்டை இலவசமாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்?

விஷயம் இதுதான். எங்கள் பழைய கோட்டைக் கோபுரத்தின் சாவி வருஷத்துக்கு ஒருவரிடம் போகும். ஆற்றுப் பாலத்தில் தொடங்கி, இடிந்த சுங்கச்சாவடி, போர்க்காலச் சுரங்கம் எல்லாம் தாண்டி, உச்சியில் இருக்கும் மலை விடுதிக்கு அந்தக் கோடையில் யார் அதிகத் தடவை நடந்தாரோ அவருக்குத்தான் சாவி. ஏறவும் கால், இறங்கவும் கால். விடுதிக்குச் சாமான் ஏற்றி இறக்க, மோட்டார் இழுக்கும் கம்பியில் ரெண்டு கூடைகள் தொங்கும், அதில் மனுஷர் ஏறக் கூடாது. விடுதிக்காரி ஜெல்மீனா ஒவ்வொரு தடவையும் நோட்டில் முத்திரை குத்துவாள்.

இந்த வருஷம் துல்லியோவுக்கு நாற்பத்தொரு முத்திரை. பிளீனியோவுக்கு நாற்பது.

சாவி வைத்திருப்பவர்தான் கோபுரத்தைத் திறந்து, வருகிறவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும். துல்லியோ முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பயணிகளோடு பேசிப் பேசியே பழகிய வாய். ஓய்வு பெற்ற பிறகு அவர் பேச்சைக் கேட்க வீட்டில் ஒரு பூனைதான், அதுவும் பாதியில் எழுந்து போய்விடும். பாவம், சாவிக்காக மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

பிளீனியோ நிலப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர். போன வருஷம் சாவி அவரிடம். ஒரு கல்லுக்கு அரை மணி நேரம் தேதி சொல்வார். மிலானிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஜன்னல் வழியாகத் தப்பித்தது என்று ஊரில் பேச்சு.

பங்குச் சாமியார் செவெரீனோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"என்ன துல்லியோ, நிஜமா?"

துல்லியோ தொப்பியைக் கழற்றினார்.

"நிஜந்தான் சாமி. ஒரே ஒரு தடவை. அன்னிக்கு மூச்சு ரொம்ப வாங்கிச்சு. ஆனா இறங்கறப்போ நடந்துதான் வந்தேன்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

"ஜெல்மீனா, மோட்டார் உன் கையிலதானே இருக்கு? நீ என்ன சொல்றே?"

"நான் மோட்டாரைப் போடுவேன், நிறுத்துவேன் சாமி. மூட்டைக்குக் கால் முளைச்சிருந்தா அது மூட்டையோட சமாச்சாரம்."

ஒரு பாட்டில் கிராப்பா சாராயம் உருண்டது. யாரோ சிரித்துச் சிரித்து விக்கினார்கள்.

"சிரிக்கிற விஷயமா இது?" பிளீனியோவுக்கு மூக்கு நுனி சிவந்தது. "ரெண்டு மாவு மூட்டைக்கு நடுவுல மகாராஜா மாதிரி காலை நீட்டிக்கிட்டு! கையில கடிச்ச சலாமி இறைச்சி வேற! இடது காலுறையில கட்டைவிரல் எட்டிப் பாக்குது!"

"ஷூவை ஏன்யா கழட்டினே?" என்று ஒரு குரல் கேட்டது.

"காத்து நல்லா வந்துச்சு," என்றார் துல்லியோ.

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை உயர்த்தினார்.

"துல்லியோ, விதின்னா விதி. கூடையில போனவருக்குச் சாவி கிடையாது."

துல்லியோ தலையாட்டினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

பிளீனியோ கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். சாவி விரலில் படப்போகிறது. அதோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்கு வாய் நிற்கவில்லை.

"இதுல திமிரைப் பாருங்க சாமி! திருட்டுத்தனமா போறவன் மூஞ்சியை மறைச்சுக்க வேண்டாமா? என்னைப் பாத்துத் தொப்பியைத் தூக்கி, 'வணக்கம் பிளீனியோ'ன்னு சொல்லிட்டுப் போறான்!"

சாமியார் சாவியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்போ நீங்க எங்கே இருந்தீங்க?"

"எங்கேன்னா?"

"கம்பி போறது பெரிய பள்ளத்துக்கு மேல. கீழ நிக்கறவனுக்குக் கூடையே காக்கா மாதிரிதான் தெரியும். ஒரு கூடை ஏறினா மத்தது இறங்கும். நடுவழியில மட்டும் ரெண்டும் உரசற மாதிரிப் போகும். அங்கேருந்து பாத்தாத்தான் காலுறை ஓட்டை தெரியும்."

எல்லாத் தலையும் பிளீனியோ பக்கம் திரும்பியது.

"என் முழங்காலு..." என்று ஆரம்பித்த பிளீனியோ மீதியை விழுங்கினார்.

அவ்வளவுதான், ஊரே வெடித்தது. கரண்டிகள் மேஜையில் தாளம் போட்டன. ஜெல்மீனா கூரையைப் பார்த்தாள். பிளீனியோவின் முகம் வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷ மரியாதை ஒரு நிமிஷத்தில் போகிறதே!

"துல்லியோ!" சாமியார் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "ரெண்டு பேரும் ஒரே தப்பு பண்ணியிருந்தா, முத்திரை அதிகம் உள்ளவருக்குத்தான் சாவி. நீங்க எதிர்க் கூடையில பிளீனியோவைப் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, சாவி உங்களுக்கு. பாத்தீங்களா?"

துல்லியோ சாவியைப் பார்த்தார். பிளீனியோவைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"இல்லீங்க சாமி. ஒரே மூடுபனி. எதிர்ல ஏதோ பால்கட்டி மூட்டைதான் இறங்கிச்சு. மலையில எது எதிர்ல வந்தாலும் வணக்கம் சொல்றது நம்ம ஊரு வழக்கமாச்சே, சொன்னேன்."