வெள்ளிக்கிழமைக் காளான்

நேற்று மத்தியானம் அவர் கொடைக்கானல் ஏரியை ஒரே மடக்கில் குடித்தார்.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஏரி டம்ளர் போலக் கைக்குள் வந்தது. குடித்தார். பல்லிடுக்கில் இரண்டு மிதிபடகுகள் சிக்கிக்கொண்டன. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தார். போனால் போகிறதென்று ஏரியைத் திரும்பத் துப்பி, படகுகளை அதிலேயே மிதக்க விட்டார்.

படகில் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்களாம்.

காலையில் வந்த பால்காரர் நம்பினார். எதிர்வீட்டு டீச்சர் பாதி நம்பினார்.

"பொய்" என்றாள் மரகதம்.

அவருடைய மனைவி. அடுப்படியில் உட்கார்ந்து மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் காளான் செய்த வேலை.

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் கம்பம் ஏறி இறங்கி, ஓய்வு பெற்றதும் தேனியிலிருந்து மலைக்குக் குடிவந்தவர். கீழே, இடி இடித்த மறுநாள் புற்றில் முளைக்கும் காளானைப் பறித்துத் தின்றே வளர்ந்தவர். மலையிலும் இடி இடித்தது. மாடு மேயும் புல்வெளியில் காளான் முளைத்திருந்தது. காளானைப் பற்றி இவருக்கு யார் சொல்லித் தர வேண்டும்? சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு அவரே வதக்கினார்.

மரகதம் தொடவில்லை. வெள்ளிக்கிழமை. அவள் பிறந்த வீட்டில் காளானும் கவுச்சிக் கணக்குதான். கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

சட்டி முழுவதையும் அவரே காலி செய்தார்.

மலைக்கு வந்த முதல் வாரம் அவர் மகளுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். பதினொரு வருடம் முன்பு, வாசுகி தானாகக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்ற அன்று, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவர் அவர்தான்.

கடிதத்தில் இரண்டே வரி.

வீடு மாறிவிட்டோம். இந்த வாசலை மிதிக்கலாம்.

எட்டு மாதமாகப் பதில் இல்லை. அந்த எட்டு மாதத்தைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் எதையும் அளந்துவிட்டதில்லை.

காளான் முதலில் சந்தோஷத்தைத்தான் கொடுத்தது. ஏரியைக் குடித்தது அப்போதுதான். பிறகு எதிரே இருந்த மலை மூச்சு வாங்கியது, ஏதோ அடிவாரத்திலிருந்து ஏறி வந்ததுபோல. அவர் அதற்குத் தண்ணீர் கொடுத்தார். பேரிக்காய் மரம் "வாங்க ஃபோர்மேன் சார்" என்று கூப்பிட்டது. சர்வீஸில் கடைசிவரை கிடைக்காத பதவி.

"பொய்."

பிறகு சிரிப்பு. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோஸெல்லாம் இதழ் இதழாகப் பிரிந்து விழுந்தன.

"பொய்."

அப்புறம் பயம். மடியில் கிடந்த இரண்டு கைகளும் யாருடையவை என்று தெரியவில்லை. கதவைச் சாத்துகிற கைகள். எவ்வளவு சொல்லியும் சாத்திக்கொண்டே இருந்தன.

மரகதம் பூண்டுத் தோலை ஊதினாள்.

கடைசியில் அழுகை. இரண்டு மணி நேரம். இந்த மலையில் இன்று விழுகிற அருவியில் பாதி தன்னுடையது என்றார். எதற்கு அழுதோம் என்பதுதான் பிடிபடவே இல்லையாம். சாயங்காலம் எல்லாம் வடிந்து, மோர் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார்.

"சிரிப்புல ஒண்ண விட்டுட்டேன், மரகதம்."

அதுதான் இருப்பதிலேயே பெரிய கூத்து என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காளான் வாசுகியையே கொண்டுவந்து கேட்டில் நிறுத்திவிட்டதாம். என்ன துணிச்சல் பாருங்கள். சும்மா நிறுத்தவில்லை. முன்நெற்றியில் நரை, மூக்கில் கண்ணாடி, கையில் ஒரு பை பேரீச்சம்பழம். அப்பா என்றுகூடக் கூப்பிட வைத்தது. பேசிய மரத்தையே பார்த்தவர், இதற்கா ஏமாறுவார்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீயும் காளான்தானே, போ, கலைந்து போ என்று இரண்டு கையையும் வீசினார்.

அது கொஞ்ச நேரம் நின்று பார்த்தது.

கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனது.

சொல்லி முடித்து அவர் சிரித்தார். அவள் சொல்லப்போகும் ஒற்றை வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

மரகதத்தின் விரல் பாதி உரித்த பல்லில் நின்றுவிட்டது.

"சொல்லேன்" என்றார்.

அவள் பூண்டைக் கீழே வைத்தாள்.

"பொய்னு சொல்லு, மரகதம்."

சிரிப்பு இன்னும் அவர் முகத்தில்தான் இருந்தது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

"வந்தது அவதான்" என்றாள். "கோயில்ல இருந்து திரும்பி வாரேன், பஸ்ல ஏறிட்டு இருக்கா. எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தேன். 'அப்பா சிரிச்சாரும்மா'ன்னு மட்டும் சொன்னா."