ஆளில்லாத ஊரில் ஆப்

வீரசோழன் கிராமத்தில் உட்கார்ந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஹாரிஸ் செய்த கணக்கு ஆப்பை ஒருவரும் சீண்டவில்லை. இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டுப் பார்த்தான், பலனில்லை. ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்தான். டவுன்லோடு செய்தவர்கள் எல்லாம் சவுதியில் இருந்தார்கள்.

“பிள்ளைக இங்க இருக்கு, டவுன்லோடு அங்க நடக்குது. விளம்பரத்த நிறுத்தப்போறேன்” என்று மனைவி ரைஹானாவிடம் எரிந்து விழுந்தான்.

“மொதல்ல எங்கண்ணன்கிட்ட கேளுங்க. அவுகளும் அங்கருந்து டவுன்லோடு பண்ணிருக்காக.”

சவுதியின் தம்மாமில் கட்டட வேலை பார்க்கும் அவள் அண்ணன் ஜமால் மைதீனை அழைத்தான்.

“மச்சான், ஆப் ஒங்க மகளுக்கு. நீங்க எதுக்கு டவுன்லோடு பண்ணுனீக?”

ஜமால் குரலைத் தாழ்த்தினார்.

“தெனமும் வீடியோ கால்ல கணக்குச் சொல்லித்தரச் சொல்றா, மாப்ள. எங்க ரூம்ல எல்லாருக்கும் இதே பாடுதான். நாங்க படிச்சிட்டுல்ல சொல்லித்தரணும்? எனக்குத் தெரியாதுன்னு பிள்ளைக்கு இன்னும் தெரியாது.”