மூலையில்லாத பெட்டி

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்ததும், "இனிமே கனமா எதையும் தூக்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிட்டாரைச் சுவரில் மாட்டிய தம்பி அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. கச்சேரிக்குப் போனால் ஸ்பீக்கர் பெட்டியையும் அவனேதான் தூக்க வேண்டும்.

தச்சு வேலை செய்யும் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மெல்லிய பலகைகளை ஆவியில் வளைத்து, மூலையே இல்லாமல், முட்டை வடிவில் அவனுக்கொரு பெட்டி செய்தாள். ஸ்பீக்கரைப் பொருத்தியதும் தம்பி அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தான். அன்று நெடுநேரம் வாசித்தான்.

மறுநாள் அக்கா சும்மா எடை போட்டுப் பார்த்தாள். நாலு கிலோ. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் மட்டுமே ஆறு கிலோ. வேறு தராசில் வைத்தாள். அதே நாலுதான்.

"விடுக்கா, லேசா இருந்தா நல்லதுதானே?"

"அதெப்படிடா? பெட்டிக்குன்னு ஒரு எடை வேணாமா?"

பெட்டியை மேசையில் கிடத்தி, ஒரு கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டு, திருகாணிகளைக் கழற்றினாள். மறு கையால் ஸ்பீக்கரை வெளியே எடுத்தாள். அது கனமாகத்தான் இருந்தது.

தம்பி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

"அக்கா, கையை எடுத்துடாத."

அவள் எடுக்கவில்லை. வெற்றுப் பெட்டி அவள் உள்ளங்கையை மெல்ல மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தது.