பாறையிலிருந்து ஓர் ஓம்

தலைக்கு மேலே தமிழ் கேட்டபோது சச்சிதானந்தன் பாறையில் பல்லிபோல ஒட்டிக்கொண்டிருந்தார்.

சிட்னிக்கு மேற்கே, கட்டூம்பா மலை விளிம்பில் தமிழ் கேட்க நியாயமே இல்லை. 1978இல் சிட்னி முழுவதும் அலைந்தாலும் தமிழ் பேசுகிறவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டிவிடலாம்.

"பஸ் பன்னெண்டு மணிக்குக் கெளம்பிடுமாம். நாலு மணிக்கு ஹோம்புஷ்ல பொண்ணு வீட்ல இருக்கணும்ல? பொண்ணோட அப்பா பெரிய கௌரவக்காரராம். அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பாராம்!"

பெண் குரல். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ். பதிலுக்கு ஓர் ஆண் குரல் கொட்டாவி விட்டது.

அந்தக் கௌரவக்காரர் தாம்தான் என்பது சச்சிதானந்தனுக்கு உடனே விளங்கிவிட்டது.

மகள் கமலினி, தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கல்யாணசுந்தரத்தைத் தானே தெரிவு செய்திருந்தாள். அவனுடைய தாய் வேதவல்லியும் தகப்பனும் மூன்று நாளைக்கு முன்தான் மெட்ராசிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். இன்று நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். இவர்கள் யாழ்ப்பாணம், அவர்கள் தஞ்சாவூர். முகம் பார்த்துப் பேசியது கிடையாது. சின்னப் பிசகு போதும், பேச்சு முறிய.

சச்சிதானந்தனின் குடும்பத்தில் எவரும் எதிலும் ஏறியவர்கள் அல்லர். தேங்காய் பறிக்க ஆள் வரும். ஓடு மாற்ற ஆள் வரும். ஒரு பல்ப் மாற்றுவதற்குக்கூடக் கதிரையில் ஏறாதவர் அவருடைய தகப்பனார்.

அந்த வீட்டின் மூத்த மகன், ஐம்பத்தாறு வயதில், இடுப்பில் கயிற்றோடு அந்தரத்தில் நின்றார்.

எல்லாம் கெவினால் வந்தது. வேலை செய்யும் கந்தோரில் பக்கத்து மேசைக்காரன். ஒருமுறை பாறை ஏற வந்து பார் என்றான், மரியாதைக்காகப் போனார். மறு ஞாயிறும் போனார். பிறகு மழை பெய்த ஞாயிறுகளில் அவர் முகம் தொங்கிப் போயிற்று. போன ஆடியில், இந்த ஊர்க் குளிர்காலத்தில், பனிமலைப் பக்கம் போய், உறைந்து நின்ற பனிச்சுவரிலும் ஏறிப் பார்த்துவிட்டார். அதற்கென்று வாங்கிய பனிக்கோடரியை மனைவி யோகா கொட்டிலில் கண்டெடுத்து, மிளகாய்ப் பாத்தி கொத்தி, நல்ல சாமான் என்று மெச்சினாள்.

பொய் அவர் வாயில் வராது. "மலைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லித்தான் புறப்படுவார். நீரிழிவுக்கு நடை நல்லது என்று யோகா தானாகவே எடுத்துக்கொண்டாள்.

ஒரு மரியாதையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பாறைக்கும் டை கட்டிக்கொண்டுதான் வருவார். மண்ணிறத்தில் மஞ்சள் கோடு போட்டது. மெட்ராசுக்குத் தபாலில் போன குடும்பப் படத்திலும் அதே டைதான்.

இப்போது அவருடைய மூக்குக்கு நேரே, கூரை இறவாணம்போல வெளியே துருத்திக்கொண்டு நின்றது அந்தப் பாறை. மூன்று ஞாயிறாக அவரை உதறித் தள்ளிய இடம்.

"இறக்கு" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மேலே மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு கயிறு பிடித்திருக்கும் கெவின் மெல்ல இறக்கிவிடுவான். கீழே காட்டுப் பாதை. யார் கண்ணிலும் படாமல் போய், குளித்து, பட்டு வேட்டியோடு நாலு மணிக்கு வாசலில் நிற்கலாம். மானமுள்ள தகப்பன் அதைத்தான் செய்வான்.

"ஏறுகிறாயா, சச்சி?" கெவின் ஆங்கிலத்தில் கத்தினான்.

பதில் வராமல் அவன் கயிற்றை இழுக்க மாட்டான். அது விதி.

அந்த நேரம் பார்த்து, துருத்திய பாறையின் மேல் பக்கத்தில், அவருடைய விரல்களுக்கு ஒரு வெடிப்பு அகப்பட்டது. நாலு விரலும் கச்சிதமாக இறங்கின. மூன்று ஞாயிறாகத் தேடிய வெடிப்பு.

"ஓம்!" என்றார்.

யாழ்ப்பாணத்து ஆமாம் அது. கெவினுக்குப் பழகிப்போன சொல். இப்போது அவர்களோடு சேர்ந்து ஏறுகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள்.

மேலே அதே பெண் குரல் கேட்டது.

"என்னங்க, கீழேருந்து யாரோ ஓம்ங்கிறாங்க!"

இனி என்ன ஒளிப்பு. காலைத் தூக்கி விளிம்பில் போட்டார். கயிறு இறுகியது. சரியா என்றான் கெவின். "ஓம்!" இன்னும் இழுக்கவா என்றான். "ஓம்! ஓம்!"

வயிறு தேய்ந்தது. ஒரு பொத்தான் தெறித்துப் பள்ளத்தில் விழுந்தது. மேலே வந்துவிட்டார்.

சிரிப்பு வந்தது. குடும்பத் தலைவர் ஒருவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத சிரிப்பு.

நிமிர்ந்தபோது, பட்டுச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மாள் கைகூப்பி நின்றிருந்தார்.

சச்சிதானந்தனின் முகமெல்லாம் மணற்பாறைத் தூள், திருநீற்றைக் கொட்டிப் பூசியதுபோல. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

"சாமி," என்றார் அந்த அம்மாள் பவ்யமாக. "எம் பையனுக்கு இன்னைக்கு ஒரு சம்பந்தம் பேசப் போறோம். நல்லபடியா முடியுமா?"

மகான் என்று நினைத்துவிட்டார். தப்பித்தாயிற்று. டை கட்டிய சாமியை இவர் எந்த ஊரில் கண்டார் என்று யோசிக்க அப்போது நேரமில்லை. பொய் சொல்லவும் அவசியமில்லை.

"ஓம்," என்றார், முடிந்த மட்டும் கம்பீரமாக.

வேதவல்லி குனிந்து வணங்கிவிட்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு பஸ் நின்ற பக்கம் நடந்தார். சச்சிதானந்தனுக்கு மூச்சு திரும்பி வந்தது.

பத்தடி போனதும் அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"பதறாம வாங்க, சம்பந்தி. நாங்க அஞ்சு மணிக்கு மேலதான் வருவோம்."

சச்சிதானந்தனின் கை மெல்ல டைக்குப் போனது. முடிச்சு நேராகத்தான் இருந்தது.