கை துவளும் வரை

"உன் வீட்டுக்காரர் தூங்கிட்டாராடி?" என்றாள் அக்கா போனில்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து அடிச்சுப்போட்ட மாதிரி கிடக்குறாரு. குட்டிப்பய இப்பத்தான் கண்ணை மூடுனான்."

"உடனே கீழ போட்டுடாத. பெரியவங்க படுத்ததும் அசந்துடுவாங்க, பச்சைக்குழந்தைக்கு நேரமாகும். கையைத் தூக்கி விட்டுப் பாரு, துவண்டு விழணும்."

குழந்தையின் விரல்கள் இன்னும் அவள் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இத்தனை வருஷம் பொறுத்தே, இன்னும் கொஞ்சம் பொறுடி. ஆட்டோ தெருமுனையிலதான் நிக்குது."

அவளால் பொறுக்க முடியவில்லை. குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுக் கணவனின் தலையணையை மெல்லத் தூக்கினாள்.

குழந்தை வீறிட்டது.

கணவன் கண் விழித்தபோது, அவன் தினமும் பூட்டி வைக்கும் வாசல் கதவின் சாவி அவள் கையில் இருந்தது.

அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"முதல்ல அவனைத் தூங்க வை," என்றான்.