செவ்வாய்க்கிழமை நோயாளி

"பட்டாசுக் கம்பெனி முதலாளி பொண்டாட்டி தர்ம ஆஸ்பத்திரி வரிசையில நிக்கிறா! ஊரே சிரிக்குது, பொன்னு," என்றார் ராஜபாண்டியன்.

"சிரிக்கட்டும்ங்க. எனக்குச் சுகர். செவ்வாய்க்கிழமை தவறாமப் பாக்கணும்," என்றாள் பொன்னுத்தங்கம்.

"மதுரையில பெரிய டாக்டரைப் பாப்போம்."

"இங்கனயே போதும்."

அவர் விடவில்லை. வற்புறுத்தி மதுரைக்கு அழைத்துப்போனார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத் திகைத்தார்.

"உனக்குச் சுகரே இல்லையே?"

"இல்லதான். நம்ம கம்பெனி ராமுத்தாய் நெஞ்சுவலியோட, மூணு நாள் கூலியை விட்டுட்டு, மூணு தடவை போயும் டாக்டரைப் பாக்காமத் திரும்பினா. நான் போயி பெஞ்சுல உக்காந்தா, முதலாளி வீட்டம்மா வந்திருக்காகன்னு டாக்டர் ஒம்பது மணிக்கே வந்துர்றாரு. போன வாரந்தான் அவளுக்கு ஈசிஜி எடுத்து, மாத்திரை குடுத்தாக."

ராஜபாண்டியன் முடிவுத்தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"மத்த நாள்ல எப்ப வருவாரு?"

"பதினோரு மணிக்கு மேல. பாதிப் பேரைப் பாத்துட்டுக் கிளம்பிருவாரு."

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஆஸ்பத்திரி பெஞ்சில் ராஜபாண்டியனைப் பார்த்த நர்ஸ் பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஐயா, உங்களுக்கு என்ன செய்யுது?"

"முழங்கால் வலிம்மா," என்றார் அவர். "வெள்ளிக்கிழமையானா வந்துரும்."