பள்ளியில் இரண்டு நாள், வீட்டில் மூன்று நாள்

“எங்க ஸ்கூலைத் தேடி ஏன் வந்தீங்க சிஸ்டர்?” என்று கேட்டார் தலைமையாசிரியர் ஹட்டன்.

மூன்றாம் வகுப்பில் மிச்சமிருந்தது ஒரே இடம். வெளியே பெஞ்சில் ஜோலீனின் மகள் மெர்சியோடு இன்னும் நாலு குடும்பங்கள், ஆளுக்கொரு பைபிளோடு. அப்பாவும் அம்மாவும் ஜோடியாக வந்தால்தான் அங்கே பேச்சே.

ஜோலீன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெர்சியின் அப்பா ராய்ஸின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“பிள்ளையைக் கர்த்தர் எங்ககிட்டதானே குடுத்திருக்கார்? ரெண்டு நாள் நீங்க சொல்லிக்குடுங்க, மூணு நாள் நாங்க. காலையில வேதம், அப்புறம் கணக்கு. அப்பா, அம்மா, பிள்ளை, ஒரே மேசை.”

ராய்ஸ் சுவரிலிருந்த டெக்சஸ் வரைபடத்தில் ஊர் தேட ஆரம்பித்தான்.

ஹட்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள், அவருக்கும் தவறாமல் கலங்கும். தங்கள் பையனின் பேஸ்பால் பயிற்சிக்கு அந்த மூன்று நாள் தோது என்று ஒருவரும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. அத்தனை பேரையும் கர்த்தரே கைபிடித்துக் கூட்டிவந்திருந்தார்.

“பிரதர், வீட்டுக்குத் தலை நீங்கதானே? ஒரு ஜெபம் பண்ணி முடிச்சு வைங்க.”

இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஜோலீன் போனிலேயே ராய்ஸை ஒப்பிக்க வைத்திருந்தாள்.

அவனுக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றே ஒன்று.

“கர்த்தாவே, எங்க முன்னால வெச்சிருக்கிற இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும். இதைச் சமைச்ச கைகளையும் ஆசீர்வதியும். ஆமென்.”

மேசைமேல் இருந்தது ஒரு ஸ்டேப்ளர்.

ஜோலீனின் நகம் அவன் விரலில் இறங்கியது.

குனிந்த தலையை ஹட்டன் நிமிர்த்தியபோது முகமெல்லாம் பிரகாசம்.

“ஆவிக்குரிய ஆகாரம்! கல்வியைக் கர்த்தர் சமைச்ச சாப்பாடுன்னு சொல்லிட்டீங்களே பிரதர்! இந்த நாற்காலில உக்கார்ந்து எத்தனையோ ஜெபம் கேட்டிருக்கேன், இப்படி ஒண்ணு கேட்டதில்லை. இடம் உங்க பொண்ணுக்குத்தான்.”

பள்ளி வாசலைத் தாண்டியதும் ஜோலீன் அவன் கையை விட்டாள்.

மெர்சி வெயிலில் நின்று, அந்தக் கோடியில் இருந்த அப்பாவின் பிக்கப் வண்டியைப் பார்த்தாள். இந்தக் கோடியில் இருந்த அம்மாவின் காரைப் பார்த்தாள்.

“மூணு நாள் வீட்டுல படிக்கணும்னா, எந்த வீட்டுல?”

“என் வீட்டுல,” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.